தலை வேறு, உடல் வேறு

கானாவின் தலைநகர் அக்ராவில், நாட்டின் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ரூமாவுக்கு இருக்கிற நினைவுப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, கை நீட்டி முன்னே வழிகாட்டும் வெண்கல நிக்ரூமாவை. அவருக்குப் பின்னால் சமாதி உயர்ந்து நிற்கிறது. அதே பூங்காவில் இன்னொரு நிக்ரூமாவும் உண்டு. தலையில்லை, கை முறிந்திருக்கிறது. தலை பக்கத்தில் தனிப் பீடத்தில் இருக்கிறது. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நின்ற சிலை அது. 1966 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்பின்போது அடித்து வீழ்த்தப்பட்டது. ஒட்டிச் சீர்செய்யாமல் உடைந்ததை உடைந்தபடியே வைத்தார்களே, அது மிகச் சரியான முடிவு. கானாவின் முதல் ஒன்பது ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இரண்டு சிலைகளும் வேண்டும்.

இந்தப் பூங்கா ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் போலோ மைதானம். 1957 மார்ச் 5ஆம் தேதி நள்ளிரவு, கைதிகள் அணியும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நிக்ரூமா இங்கேதான் விடுதலையை அறிவித்தார். அக்ராவின் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் அவர் அடைபட்டிருந்தபோதே, 1951 தேர்தலில் மக்கள் அவருக்கு வாக்களித்து வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் விடுதலைக்குப் பின் ஏழே ஆண்டுகளில் நாட்டில் ஒரு கட்சிக்கு மேல் கூடாது என்று சட்டம் செய்தது ஏன்?

பதவி ஆசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பாதி உண்மைகூட இல்லை. அவர் கையில் வந்த நாடு ஒட்டுப்போட்ட நாடு. கோக்கோதான் அதன் வருமானம். அதில் ஒரு பெரும்பங்கு விளைந்தது அஷாந்தி வட்டாரத்தில். 1954இல் உலகச் சந்தையில் விலை உச்சத்தில் இருந்தபோது, நிக்ரூமாவின் அரசு விவசாயிக்குக் கொடுக்கும் விலையை அறுபது பவுண்டு எடைச் சுமைக்கு 72 ஷில்லிங் என்று கட்டிப்போட்டது. மிச்சப் பணத்தில் பள்ளிக்கூடமும் சாலையும் துறைமுகமும் வரும் என்பது கணக்கு. அஷாந்தியின் தலைநகர் குமாசியில் கொதிப்பு கிளம்பியது. தேசிய விடுதலை இயக்கம் என்ற பெயரில் எதிர்க்கட்சி முளைத்து, மாநிலங்களுக்கே அதிகாரம் வேண்டும் என்றது. இரு தரப்பிலும் வீடுகள் எரிந்தன, கொலைகள் விழுந்தன. 1955இல் நிக்ரூமாவின் வீட்டிலேயே குண்டு வெடித்தது. 1956 தேர்தலில் அவருடைய மக்கள் மாநாட்டுக் கட்சி 104 இடங்களில் 71ஐ வென்றது. ஆனால் அஷாந்தியின் 21 இடங்களில் எட்டுதான் கிடைத்தது. எதிர்க்கட்சி என்றால் நாட்டைப் பிளக்கிறவர்கள் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது இந்த ஆண்டுகளில்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது: கட்சியே நாடு, நாடே கட்சி என்ற நம்பிக்கை. அது முழக்கமாகவே ஒலித்தது. அந்தச் சமன்பாட்டை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், கட்சியை எதிர்ப்பவன் தானாகவே தேசத்துரோகி ஆகிவிடுகிறான். ஒருகட்சி ஆட்சியின் விதை இங்கே இருக்கிறது, பின்னால் வந்த குண்டுகளில் இல்லை என்பதே என் கருத்து.

விடுதலை கிடைத்த அதே 1957இல் இன, மத, வட்டாரக் கட்சிகளுக்குத் தடை வந்தது. சிதறிய எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி ஐக்கியக் கட்சி ஆயின. 1958 ஜூலையில் தடுப்புக்காவல் சட்டம்: விசாரணையே இல்லாமல் ஐந்தாண்டு உள்ளே வைக்கலாம். தடுப்புக்காவல் இந்தியாவுக்கும் புதிதல்ல. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னை மாநிலத்தில் அடைபட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கை நம் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் எதிர்க்கட்சிகள் தேர்தலில் நின்றன, சில இடங்களில் ஆட்சியும் பிடித்தன. கானாவில் அந்த வாசல் ஒவ்வொன்றாக மூடப்பட்டது.

அப்படி உள்ளே போனவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. 1947இல் லண்டனில் இருந்த நிக்ரூமாவை, எங்கள் கட்சிச் செயலாளராக வாருங்கள் என்று தாயகத்துக்கு அழைத்தவர்கள் ஜே.பி. டான்குவாவும் அவருடைய தோழர்களும். இவரே தகுந்த ஆள் என்று பெயரைச் சொன்னவர் ஆகோ அஜெய். 1948 அக்ரா கலவரத்துக்குப் பின் பிரிட்டிஷார் சிறைப்பிடித்த ஆறு தலைவர்களில் மூவரும் இருந்தார்கள். கானா என்ற பழம்பெயரைப் புது நாட்டுக்கு முன்மொழிந்தவரும் டான்குவாதான். 1960 குடியரசுத் தலைவர் தேர்தலில் நிக்ரூமாவை எதிர்த்து நின்று தோற்ற அவர், மறு ஆண்டே தடுப்புக்காவலில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தவர் மீண்டும் கைதாகி, 1965 பிப்ரவரி 4 அன்று நசவாம் சிறையில் இறந்தார். அந்த ஆறு பேரில் இன்னொருவரான ஒபெட்செபி லாம்ப்டேயும் 1963இல் காவலில் இருக்கும்போதே இறந்திருந்தார். வெள்ளைக்காரன் கைது செய்தபோது ஒரே பட்டியலில் இருந்தவர்கள் இவர்கள்.

ஆகோ அஜெயின் கதை வேறு. அவர் நிக்ரூமாவின் அமைச்சரவையிலேயே இருந்தவர். 1962 ஆகஸ்ட் 1 அன்று வடக்கே குலுங்குகு என்ற ஊரில் நிக்ரூமாமீது வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் காயத்தோடு தப்பினார். சதிக்குற்றம் அஜெய்மீதும் நிக்ரூமாவின் சொந்தக் கட்சித் தலைவர்கள் வேறு இருவர்மீதும் விழுந்தது. 1963 டிசம்பரில் தலைமை நீதிபதி ஆர்க்கு கோர்சா தலைமையிலான சிறப்பு நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. நிக்ரூமா நீதிபதியைப் பதவிநீக்கம் செய்தார், தீர்ப்பையும் செல்லாததாக்கினார். மறுவிசாரணையில் மரண தண்டனை வந்து, பிறகு சிறைத்தண்டனையாகக் குறைந்தது. குண்டு வீசியவர்களைக் கண்டு பயந்தார் என்பது நியாயம். நீதிபதியையே நீக்கித் தீர்ப்பைப் புரட்டினாரே, அதற்கு எந்தப் பயத்தையும் சமாதானமாகச் சொல்ல முடியாது.

1964 ஜனவரி 2 அன்று, அரசு மாளிகையிலேயே ஒரு காவலர் அவரைச் சுட்டார். மெய்க்காப்பாளர் சலிஃபு டகார்ட்டி உயிரிழந்தார். அந்த மாதமே பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஒரே கட்சிக்கு ஆதரவாக 27,73,920 வாக்குகள், எதிராக 2,452. எட்டு ஆண்டுக்கு முன் கட்சியைத் தோற்கடித்த அஷாந்தியில் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எந்த எதிர்ப்பை எண்ணிப் பார்க்க மறுத்தாரோ, அது எங்கே இருக்கிறது என்பதே அதற்குப்பின் அவருக்குத் தெரியாமல் போயிற்று. 1966 பிப்ரவரி 24 அன்று, வியட்நாம் போரை நிறுத்த ஹனோய்க்குப் புறப்பட்ட அவர் பீக்கிங்கில் இருந்தபோது, ராணுவமும் போலீஸும் ஆட்சியைப் பிடித்தன. லட்சக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட கட்சி அவருக்காகத் தெருவுக்கு வரவில்லை.

அவர் கட்டிய அகோசோம்போ அணை அதற்கு முந்தைய மாதம்தான் திறக்கப்பட்டிருந்தது. அது இன்றும் கானாவுக்கு மின்சாரம் தருகிறது. பள்ளிக்கூடங்கள், டெமா துறைமுகம், ஆப்பிரிக்க ஒற்றுமை பற்றிய பேச்சு எதுவும் பொய்யில்லை. வேகமாக வளர வேண்டிய நாட்டுக்கு வாக்குவாதம் வீண்செலவு என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் கோக்கோ விலை சரிந்து கஜானா வற்றியபோது, போகும் பாதை தவறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சிறையில் இருந்தார்கள்.

அவரை வீழ்த்தியவர்களும் அதே வழியில்தான் நடந்தார்கள். மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தடைசெய்து, அதன் ஆட்களை விசாரணையின்றிக் காவலில் வைத்தார்கள். நிக்ரூமா 1972இல் புக்கரெஸ்ட்டில் இறந்தார். அவர் உடல் முதலில் கினியாவின் கொனாக்ரியிலும், பிறகு பிறந்த ஊரான நிக்ரோஃபுலிலும் அடக்கமாகி, கடைசியில் அக்ராவின் இந்தப் பூங்காவுக்கு வந்தது. பூங்கா திறக்கப்பட்டது 1992 ஜூலை 1. அதே ஆண்டு ஏப்ரலில் கானா மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒருகட்சி ஆட்சியை நிறுவும் சட்டம் எதையும் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது.