செங்குத்து ஆன்டெனாவும் ராஜபாளையம் அண்ணாச்சியும்

ரிட்டயர் ஆனவன் வீட்டுக் கொல்லையில் 22 அடி உயரத்துக்கு ஒரு அலுமினியக் கம்பம் நின்றால், தெருவில் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், செல்போன் டவரா? மாசம் எவ்வளவு வாடகை தர்றான்?" என்பதுதான். வாடகை வருவதற்குப் பதில் என் ஒரு மாத பென்ஷன் இதில் போயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஹாம் ரேடியோ என்று விளக்கினால், "எஃப்.எம். மாதிரியா?" என்பார்கள். இப்போதெல்லாம் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறேன்.

கதை ஒரு வேப்பமரத்தில் தொடங்குகிறது. பெரம்பலூரில் வீடு கட்டியபோது பக்கத்து மனை காலியாக இருந்தது. அதில் ஒரு வேம்பு, என் பக்கம் ஒரு தென்னை. இரண்டுக்கும் நடுவே 66 அடி நீளச் செப்புக் கம்பியை டைபோலாகக் கட்டி, 40 மீட்டர் பேண்டில் பத்து வருடம் பேசிக்கொண்டிருந்தேன். போன வருஷத்துக்கு முந்தைய தீபாவளி கழிந்து பக்கத்து மனை விற்றுப்போனது. ஒரே நாளில் வேம்பு விறகாயிற்று. கம்பி தரையில் கிடந்தது.

என் இடம் மொத்தம் ஐந்தரை சென்ட், 40-க்கு 60. அதில் வீடு போக மிச்சம் கொஞ்சம்தான். 66 அடியை நேராக இழுக்க இடமில்லை. முழங்கால் இருக்கிற நிலையில் உயரமான மாஸ்ட் எழுப்பி ஏறி இறங்கவும் முடியாது. குறைந்த இடத்தில், பல பேண்டுகளில் வேலை செய்கிற ஆன்டெனா என்றால் எல்லோரும் சொல்வது மல்டிபேண்ட் வெர்டிகல். செங்குத்தாக ஒரே கம்பம். நானும் அதில்தான் விழுந்தேன்.

அதிலும் நாலைந்து ஜாதி உண்டு. ஹஸ்ட்லர் 4பிடிவி போன்றவை ட்ராப் வகை. கம்பத்தின் நடுவே காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த உருளைகள் இருக்கும். ஒவ்வொரு ட்ராப்பும் தனக்குரிய அலைவரிசையில் மூடிய கதவு, மற்றவற்றில் திறந்த கதவு. ஆகவே ஒரே கம்பம் 10 மீட்டருக்குக் குட்டையாகவும் 40 மீட்டருக்கு நெட்டையாகவும் நடந்துகொள்ளும். பட்டர்நட் ஹெச்.எஃப்.6வி கிட்டத்தட்ட 26 அடி, 80 மீட்டர் வரை போகும். அடியில் ரேடியல் கம்பிகளே வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் வகையும் உண்டு. மண்ணை ஏமாற்ற முடியாது என்பது என் எண்ணம், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. 43 அடிக் கம்பத்தை நட்டு அடியில் ட்யூனர் வைப்பது இன்னொரு வழி. ஆடி மாதக் காற்றில் 43 அடியை யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

உண்மையில் மலிவான வழி, ஒரு ஃபைபர் கம்பத்தில் 33 அடி வயரைச் சுற்றாமல் நேராகக் கட்டிவிடுவது. அது 40 மீட்டருக்குக் கால் அலை. 7-ஐ மூன்றால் பெருக்கினால் 21 என்பதால் 15 மீட்டரிலும் தானாக வேலை செய்யும். கூடவே பதினாறரை அடியில் இன்னொரு வயர் கட்டினால் 20 மீட்டரும் கிடைத்துவிடும். கைக்காசு குறைவாக இருக்கும் இளைஞர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு அப்போது ஆசை. பெங்களூருவில் ஒருவர் மகனோடு வெளிநாட்டில் குடியேறப் போவதால் தன் ட்ராப் வெர்டிகலை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு முதல் நாள் கம்பம் நின்றது.

முதலில் நான்கு ரேடியல்தான் போட்டேன். கம்பத்தின் அடியிலிருந்து மண்மேல் நான்கு திசையிலும் கம்பி. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்தால் 1.1! அப்படி ஒரு சந்தோஷம். பிறகு புத்தகம் சொன்னபடி ஞாயிறுதோறும் நாலு நாலாகச் சேர்த்து 24 ஆக்கினேன். மீட்டர் 1.5-க்கு ஏறிவிட்டது. உழைக்க உழைக்கக் கெட்டுப்போகிறதே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பாகப் படித்தேன். கால் அலைக் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். ட்ராப் போட்டுக் குட்டையாக்கினால் இன்னும் குறையும். கேபிள் எதிர்பார்ப்பது 50 ஓம். ரேடியல் குறைவாக இருக்கும்போது மண்ணின் தடை ஒரு 14 ஓம் சேர்ந்துகொண்டால் கணக்கு 50 ஆகிவிடும், மீட்டர் சிரிக்கும். ஆனால் 100 வாட்டில் 28 வாட் மண்புழுவுக்குக் குளிர்காயப் போகிறது. ரேடியல் கூடக் கூட மண்ணின் பங்கு குறைகிறது, மீட்டர் முகம் சுளிக்கிறது, ஒலி மட்டும் வெளியே கூடுதலாகப் போகிறது. 1937-லேயே அமெரிக்காவில் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் என்ற மூவர் இதை வயலில் அளந்து எழுதி வைத்தார்கள். மீடியம் வேவ் நிலையங்களின் கோபுரத்தடியில் 120 ரேடியல் புதைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளமே 320 மீட்டர். அங்கே மண்ணுக்கடியில் எவ்வளவு செம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மண் என்றதும் அரியலூர் ஞாபகம் வருகிறது. வேலையில் இருந்த காலத்தில் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு வயர் வெர்டிகல் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் பூமி. ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம்தான், ஆனால் மின்சாரத்துக்கு அந்தக் கடலால் இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை. உப்புத் தண்ணீரை விடச் சிறந்த தரை வெர்டிகலுக்குக் கிடையாது. காய்ந்த சுண்ணாம்பைப் போல மோசமானதும் அதிகம் இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன், செடிகூட வரவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி விளையும் கரிசல். ஈரம் நிற்கும், மின்சாரம் ஓடும். ஆனால் அதற்கும் ஒரு குணம். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மண்ணுக்குள் நான் ஆசையாகப் புதைத்த 24 ரேடியலில் ஒன்பது அறுந்துபோயின. இப்போது புதைப்பதில்லை, மேலாக, கொஞ்சம் தொய்வாக விட்டு, கம்பி ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன்.

(சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, 18 மீட்டர் என்று பலகையில் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: இன்னும் இரண்டு மீட்டர் இருந்தால் 80 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை! படுத்துக் கிடக்கிறது, அதுதான் குறை.)

வெர்டிகல் தூரத்துக்கு ராஜா. அதை மறுக்க மாட்டேன். சூரியனின் 25-வது சுழற்சி உச்சத்தில் இருந்த 2024 அது. 10 மீட்டர் பேண்ட் தேர்க்கடை போல நிறைந்திருந்தது. ஜப்பான், இத்தாலி, ஒரு ராத்திரி பிரேசில். நோட்டில் ஐம்பத்தாறு நாடு ஏறியது. மயில் ஒன்று உச்சியில் உட்காரப் பார்த்து வழுக்கி விழுந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஆனால் அண்ணாச்சி கேட்கவில்லை.

ராஜபாளையம் அண்ணாச்சி என்னை விடப் பதினொரு வயது மூத்தவர். அரியலூரில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். மோர்ஸ் தேர்வுக்கு என்னைத் தயார் செய்தவர் அவர்தான். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சாவியைத் தட்டுவார், நான் எழுதுவேன். தப்பினால் பேசாமல் திரும்பத் தட்டுவார். ஓய்வுபெற்று ஊருக்குப் போன பிறகு தினமும் காலை 6.45-க்கு 40 மீட்டரில், மோர்ஸிலேயே சந்திப்போம். இரண்டு வருஷம் முன்பு இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு ஆகிவிட்டார். ரேடியோ கட்டில் பக்கத்தில்.

"போன் இருக்கேப்பா, எதுக்கு இந்தப் பாடு?" என்று என் மகள் கேட்டாள். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத், தொலைபேசி அடங்கிய ஊரிலிருந்து செய்தி அனுப்பியதை அவளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இது அந்த மாதிரிப் பெரிய விஷயம் இல்லை. அண்ணாச்சிக்குக் காது போய்விட்டது. போனில் மனிதக் குரல் அவருக்கு இரைச்சல். ஹெட்போனில் ஒரே சுருதியில் வரும் மோர்ஸ் மட்டும் எழுத்து எழுத்தாக விளங்கும். அவரோடு பேச எனக்கு வேறு வழி கிடையாது.

தையிலிருந்து சித்திரை வரை தினமும் 6.45-க்குக் கூப்பிட்டேன். சில நாள் மிக மெல்லிய முனகல், பல நாள் அதுவும் இல்லை. ஒரு நாள் டெல்லிக்காரர் ஒருவர் குறுக்கிட்டு, "அவர் உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு இருவரும் நன்றாகக் கேட்கிறீர்கள்" என்று தட்டினார். ஆயிரத்து தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கிறது, 250 கிலோமீட்டரில் கேட்கவில்லை.

உளுந்த வடையின் ஓட்டைக்குள் ஒரு குச்சியைச் செருகி நிறுத்துங்கள். வெர்டிகலிலிருந்து அலை போகிற வடிவம் அதுதான். பக்கவாட்டில் கொழுகொழுவென்று, நேர் மேலே ஓட்டை. ராஜபாளையத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸ் தரையோடு போய்ச் சேராது. 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற அயனி மண்டலத்தில் பட்டுத்தான் இறங்க வேண்டும். 250 கிலோமீட்டர் தள்ளி இறங்க, இங்கிருந்து 67 பாகை சாய்வில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே எறிய வேண்டும். என் வடைக்கு அங்கே ஓட்டை. தாழ்வாகக் கட்டிய பழைய டைபோல் அலையை நேர் மேலே எறிந்துகொண்டிருந்தது. அதைக் குறை என்று நினைத்துத்தான் நான் வெர்டிகலுக்கு மாறினேன். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தேர்வில் எழுதியிருக்கிறேன். கம்பம் வாங்கும்போது எத்தனை நாடு என்று எண்ணினேனே தவிர, யாரோடு பேச வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மறுபடி 66 அடிக்கு எங்கே போவது என்று மொட்டை மாடியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வந்த என் மனைவி, "ஏங்க, கொடிக்கயிறு மாதிரி மூலைக்கு மூலை குறுக்கே கட்டினா என்ன?" என்றாள். பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 40-க்கு 60, மூலைவிட்டம் 72 அடி! நாற்பது வருஷம் மின்சாரக் கணக்குப் போட்டவனுக்கு எட்டாம் வகுப்பு பிதாகரஸ் ஞாபகம் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் தூணில், 22 அடியில், கம்பியின் நடுப்பகுதி. இரண்டு முனையும் சரிந்து மதில் மூலைகளுக்கு, மனுஷன் கை எட்டாத உயரத்தில் நைலான் கயிற்றோடு முடிச்சு. கம்பி பழையதேதான். பக்கத்துப் பையன் ஏறிக் கட்டிக் கொடுத்தான். பதினோரு மணிக்கு ஆரம்பித்து சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை 6.45. நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோடுகள் முன்னை விட நீள்கின்றன, கை கொஞ்சம் நடுங்குகிறது போல. ஆனால் அதே கை, எங்கே கேட்டாலும் தெரியும். மூன்று மாதம் எங்கே போனாய் தம்பி என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இப்போது என்ன ஆன்டெனா என்றார். கொடிக்கயிறு, மனைவியின் யோசனை என்று தட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. மறுபடி நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. மோர்ஸில் ஹாம்கள் சிரிப்பது அப்படித்தான்.