மருமகன் வாங்கிய கூண்டு வண்டி

நம்மவர்கள் வண்டி வாங்கும்போது முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். அடுத்தபடியாக நல்ல நாளைப் பார்க்கிறார்கள். சில்லையும் அச்சையும் பார்ப்பது மூன்றாவதாகத்தான். சரக்கு வண்டிக்குக் கூண்டு அமைப்பதென்றாலோ அந்த மூன்றாவது பார்வையும் இல்லாமற் போய்விடுகிறது. பட்டறைக்காரர் தகட்டை வளைத்துக் கொடுப்பதை அப்படியே பூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு மழையும் காற்றும் வளைவும் ஒவ்வொன்றாக வந்து கணக்குக் கேட்கின்றன.

என் தங்கையின் மகன் கொஸ்லந்தையில் ஒரு கூண்டு வண்டி வாங்கி, மேலேயுள்ள தோட்டங்களுக்குப் பாணும் மரக்கறியும் பலசரக்கும் கொண்டுபோய் விற்பதென்று தீர்மானித்தான். நல்ல யோசனைதான். ஐந்து ரூபாய்ப் பொருளுக்கும் கடைவீதிக்கு இறங்கி ஏறவேண்டிய டிவிஷன்கள் அங்கே பல உண்டு. யோசனையைக் கேட்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோதுதான் சபை மௌனமாயிற்று. பணம் அவன் தாயாருடையது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவளுக்கு ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்த தொகை அது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிறந்த அந்த நிதி, தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒரு முறை மொத்தமாகக் கைக்கு வரும் பணம். அதை வைத்து லயத்துக் காம்பராவுக்கு வெளியே சொந்தமாக ஒரு சுவரையாவது எழுப்பலாம். சுவரானால் நின்ற இடத்தில் நிற்கும். வண்டியில் போட்ட பணம் ஓடினால்தான் பணம்.

"நீங்க கூடப் போய்ப் பாருங்க, அண்ணே" என்றாள் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்தவன் என்பதால் இயந்திரமும் எனக்கு விளங்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. மருமகனுக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை. ஆயினும் மாமா என்ற மரியாதைக்காக அழைத்துச் சென்றான்.

கொஸ்லந்தையின் நிலத்தைப் பாராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ-4 நெடுஞ்சாலை, பெரகலையில் மலையின் தோளைத் தொட்டுவிட்டுக் கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. பெரகலையில் பிரியும் மற்றொரு சாலை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. வெல்லவாய கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். இரண்டுக்கும் நடுவே தொங்குவது கொஸ்லந்தை. வெல்லவாயவுக்கு இறங்கும் வழியில் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. சுற்றுலா வந்தவர்கள் அந்த உயரத்தைப் படம் பிடிக்கிறார்கள். சரக்கு வண்டிக்காரன் அதே உயரத்தை இரண்டாம் கியரில் அளக்கிறான். நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துப் பாதையில் நுழைந்தால் கியரும் ஒன்று குறையும், பாதையும் ஒன்றரை வண்டி அகலத்துக்கு ஒடுங்கும்.

முதலில் பேசப்பட்டது உழவு இயந்திரமும் அதன் பின்னால் இழுத்துச் செல்லும் மூடிய பெட்டியும். மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். எதிரே பஸ் வந்தால் பின்னோக்கி எடுக்க வேண்டிய பாதை அது. பின்னால் பெட்டி பூட்டிய வண்டியைப் பின்னோக்கி எடுத்தால், பெட்டி ஒரு பக்கமும் இயந்திரம் மறுபக்கமுமாக மடங்கிக்கொள்ளும். இடப்புறம் மலை, வலப்புறம் பள்ளம் என்ற இடத்தில் அந்த வித்தையைப் பழகிப் பார்ப்பது நல்லதன்று. அந்தப் பேச்சு அன்றே முடிந்தது.

அடுத்து முச்சக்கர வண்டி. இலங்கையில் 'சூன் பாண்' என்றால் கண்முன் வருவது அதுதான். பின்னே கண்ணாடிப் பெட்டி, உள்ளே மஞ்சள் விளக்கு, பணிஸ் வரிசை, காலையிலும் மாலையிலும் ஒலிக்கும் அந்த மெட்டு. சமவெளியில் அதைவிடச் சிக்கனமான கடை இல்லை. மலையிலே கதை வேறு. முன்னே ஒரு சில்லு, பின்னே இரண்டு. உயரமான பெட்டியை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது கவிழ்வதற்கு நாலு சில்லு வண்டியை விட அதற்கு வாய்ப்பு அதிகம். பின்பாரத்துடன் செங்குத்தாக ஏறும்போது முன்சில்லின் அழுத்தம் குறைந்து, கைப்பிடி சொன்னபடி கேளாது. இன்னொரு குறை எரிபொருள். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் முச்சக்கர வண்டிக்குக் கிடைத்தது தொடக்கத்தில் வாரத்துக்கு ஐந்து லீற்றர். அது கடந்துபோன கதைதான். எனினும் ஐந்து லீற்றரில் எத்தனை டிவிஷன் ஏறலாம் என்ற கணக்கு எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே சிறிய லொறியில் வந்து நின்றோம். டாட்டா நிறுவனம் 2005இல் இந்தியாவில் 'ஏஸ்' என்ற பெயரில் வெளியிட்டு, நம் நாட்டில் 'டிமோ பட்டா' என்ற செல்லப் பெயரோடு ஓடும் வண்டி. முதலில் வந்தவற்றில் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை வலு. ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. தட்டு ஏழடிக்குச் சற்று மேல் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். புதியதைக் கனவு காணவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி மீண்டும் முழுதாகத் திறக்க 2025 ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளும் வயதுக்கு மீறிய விலை பேசின. ஓர் இடத்தில் லீசிங் போட்டுப் பெரிய லொறியையே எடுத்துக்கொள்ளும்படி மருமகனிடம் வெகு இனிமையாகச் சொன்னார்கள். மாதத் தவணையைக் கேட்டவுடன் அவன் தாயார் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அத்துடன் பெரிய லொறியும் போயிற்று.

வண்டி வந்தது. இனிக் கூண்டு.

பண்டாரவளைப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஐந்தடி உயரத்தில் இரும்புத் தகட்டுக் கூண்டு கட்டித் தருவதாகச் சொன்னார். "யானை ஏறினாலும் நசுங்காது" என்று தட்டிக் காட்டினார். மலைத் தோட்டத்தில் பாண் வண்டிமேல் யானை ஏறும் சந்தர்ப்பம் அரிது என்பதால் நான் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம் என்றால் கூரையும் நான்கு பக்கங்களும் சேர்ந்து 155 சதுர அடி. ஏறத்தாழ பதினான்கரைச் சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் கனமான இரும்புத் தகடு சதுர மீற்றருக்கு எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அலுமினியம் 2.7 கிலோ. சட்டங்களைச் சேர்க்காமலே இரும்புக்கு 113 கிலோ, அலுமினியத்துக்கு 39 கிலோ. வித்தியாசம் 74 கிலோ. ஒன்றரை மூட்டை அரிசி. 16 குதிரைகள் அந்த ஒன்றரை மூட்டையை நாள்தோறும் விற்காமலே மலையேற்றி இறக்கவேண்டும். மருமகன் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் கணிதத்துக்கு முப்பது ஆண்டுகளில் கிடைத்த மிகச் சிறந்த பாராட்டு அது.

அலுமினியத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை நேரே வைத்து ஆணியறைந்தால், ஈரம் சேரும் இடத்தில் இரண்டு உலோகங்களும் மின்கலம் போல் வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். நடுவே ரப்பர் பட்டி வைக்கவேண்டும். செலவு சொற்பம், பட்டறையில் நின்று கேட்டு வாங்காவிட்டால் வராது.

உயரத்தைத் தீர்மானித்தவள் தங்கை. பட்டறை வாசலில் நின்று கையை உயர்த்திக் காட்டினாள். "எனக்கு எட்டாத தட்டு எதுக்கு? வாங்க வர்றவங்க எல்லாம் என்னைப் போலத்தானே இருப்பாங்க?" ஐந்தடிக் கூண்டு நான்கடியாயிற்று. அப்புத்தளைக் கணவாய்ப் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில், ஓரடி குறைந்த சுவருக்கு எவ்வளவு மதிப்பு என்பது அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

காற்றோட்டம் பற்றிய விவாதம்தான் நீண்டது. பாண் வண்டி என்றால் தூசி புகாமல், மழை புகாமல், எறும்பு புகாமல் இறுக மூடியிருக்கவேண்டும் என்றார் பட்டறைக்காரர். மருமகனும் ஆமென்றான். தங்கை என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, கொழுந்தைச் சாக்கில அமுக்கிக் கட்டி வெச்சா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். பறித்த கொழுந்து பறித்த பின்னும் சுவாசிக்கிறது. அமுக்கி வைத்தால் சூடேறி, மடுவத்துக்கு வருமுன்னே சிவந்துவிடும். நிறுவையில் அதற்கு மதிப்பில்லை. சூட்டுக்கும் ஆவிக்கும் போக வழி வேண்டும் என்பதை அவள் முப்பத்திரண்டு ஆண்டுகள் கூலியை இழந்தும் காத்தும் கற்றவள். அடுப்பிலிருந்து வந்த பாணும் அப்படித்தான் ஆவி விடுகிறது. கொஸ்லந்தையில் ஏற்றிய கூண்டு, ஐந்நூறு மீற்றர் மேலே போனால் மூன்று பாகைக்கு மேல் குளிரைச் சந்திக்கிறது. குளிர்ந்த தகட்டுக் கூரையில் ஆவி நீராகித் துளிதுளியாகப் பாண்மீதே சொட்டும்; மறுநாள் பூஞ்சணம். ஆகவே இரு பக்கமும் அடியில் வலையடித்த சிறு துளைகளும், பின்புறம் மேலே பின்னோக்கிச் சாய்ந்த இலைத் தகட்டுச் சாளரமும் வைத்தோம். கூரையின் உட்புறம் ஒட்டுப்பலகை அடித்தோம். அதன்பின் துளி விழவில்லை.

கனடாவில் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். அவரும் அந்த மாதந்தான் ஒரு மூடிய இழுவைப் பெட்டி வாங்கியிருந்தாராம். பாணுக்கு அல்ல, பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியை வைத்து இழுத்துச் செல்ல. கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே 1959இல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த வண்டி, அங்கே குளிர்காலத்து விளையாட்டு. விளையாடி முடித்து உள்ளே ஏற்றினால், ஒட்டிய பனி உருகிப் பெட்டிக்குள் ஈரம் கட்டித் துருவும் பூஞ்சணமும் பிடிக்கிறதாம். அங்கேயும் மேலும் கீழும் காற்றுத் துளைதான் மருந்து. பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு அச்சுக்கு முன்னே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வாலாட்டும் என்றும் சொன்னார். நம் வண்டி இழுவைப் பெட்டி அல்லவாயினும், பின்னச்சுக்குப் பின்னால் பாரம் தொங்கக்கூடாது என்ற வரையில் அது நமக்கும் பொருந்தும். அரிசியும் சீனியும் பருப்பும் அடித்தட்டில், ஓட்டுநர் பக்கமாக, மரக்கறி நடுவே, பாண் மேலே.

கதவு பின்புறம் வேண்டாமென்றது மருமகனின் சொந்த யோசனை, நல்ல யோசனை. ஏற்றத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தால் சரக்கு வாங்குவோர் காலடிக்கே தானாக வந்து சேரும்! இடப்புறச் சுவரில் மேல்நோக்கித் திறக்கும் கதவு வைத்தான். திறந்தால் அதுவே மழைக்குக் கூரை. வாங்குபவர்களும் நடுப்பாதையில் நிற்கவேண்டியதில்லை. தட்டுகளின் முன்விளிம்பில் இரண்டங்குல உயரச் சட்டம். சில்லுக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடி.

உடலமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பெற்றுப் பதிவில் குறித்துக்கொள்ள வேண்டும். உணவு விற்பதால் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உண்டு. இவற்றுக்கு அலைச்சல் வேண்டும், அறிவு அதிகம் வேண்டாம்.

மெட்டு விஷயத்தில் நான் தோற்றேன். மணி ஒன்று போதுமென்றேன். அவன் எல்லோரும் போடும் மெட்டையே போட்டான். பீத்தோவன் 1810இல் எழுதிய அந்தச் சிறு இசை, அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் 1867இல்தான் அச்சேறியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வர்த்தகத்துக்கெனத் தேயிலை நட்டதும் அதே 1867இல். இரண்டும் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு பெரட்டுக்களத்தில் சந்திக்கும் என்று இருவருமே எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஓட்டுநருக்கு அருகேயுள்ள இருக்கையில் முட்டைத் தட்டுகளை அடுக்கலாம் என்று மருமகன் அளவெடுத்தபோது தங்கை தடுத்தாள். அந்த இடத்தில் எதையும் கட்டக்கூடாது என்றாள். 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் வரும் காலம் இது. 2016இல் தொடங்கிய அந்தச் சேவை நன்மை செய்கிறது. ஆனால் மழை நாளில், மேல் டிவிஷன் வரை அது வந்துசேரும் நேரம் நோவெடுத்தவளுக்கு நீண்ட நேரம். லொறியின் திறந்த தட்டில் படங்குக்கு அடியில் பிள்ளைத்தாய்ச்சிகளை இறக்கியதை அவள் கண்டிருக்கிறாள். மருமகன் வாதாடவில்லை. அந்த இருக்கை காலியாகவே போய்வருகிறது. முட்டைகள் கூண்டுக்குள் உமியில் பயணம் செய்கின்றன.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை அந்தப் பக்கத்தில் யாரும் திகதி பார்த்து நினைவுகூர வேண்டியதில்லை. அடைமழை தொடர்ந்தால் வண்டியை மண்வெட்டுக்குக் கீழே நிறுத்துவதில்லை. இரவில் கடைவீதியிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறான். பாதை மூடுமென்று தோன்றும் நாட்களில் பணிஸைக் குறைத்து, அரிசியும் மாவும் பால்மாவும் மெழுகுவர்த்தியும் கூடுதலாக ஏற்றுகிறான். இந்தச் சரக்கில் இலாபம் குறைவு, பாரம் அதிகம். அலுமினியத்தில் மிச்சம் பிடித்த பாரத்துக்கு அப்போதுதான் முழு வேலை.

நான் சென்ற மாதம் போனபோது இடப்புறக் கதவின் தாங்குகோல் ஒன்று தளர்ந்திருந்தது. மாற்றுக்கோல் வரும்வரை, தன் பழைய கொழுந்துக் கூடையின் கயிற்றால் தங்கை அதை இழுத்துக் கட்டியிருந்தாள்.