முடிவுள்ள விளையாட்டைக் கொடுங்கள்



பாலர் பள்ளிப் பருவத்துக் குழந்தைகள் கைப்பேசியில் விரும்பி ஆடுபவற்றுள் ஓட்ட விளையாட்டும் ஒன்று. திரையில் ஒரு சிறுவனோ விலங்கோ தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை அதனை ஓட்ட வேண்டியதில்லை. பள்ளம் வந்தால் தாவச் செய்ய வேண்டும். தடை வந்தால் குனியச் செய்ய வேண்டும். அதற்கு ஒரு விரல் போதும். எங்கே போவது என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. எப்போது தாவுவது என்பது மட்டுமே கேள்வி. எழுத்தறியாத நான்கு வயதுக் குழந்தையும் இதைச் சில நொடிகளில் கற்றுக்கொள்வதற்கு இந்த எளிமையே காரணம்.

பெற்றோர் சந்திப்பு நாளில் தாய்மார்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "டீச்சர், பிள்ளைக்குக் கைப்பேசி கொடுக்கலாமா, கூடாதா?" நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: "பிள்ளை ஆடும் விளையாட்டுக்கு முடிவு உண்டா?" பலர் வியப்போடு பார்ப்பார்கள். இக்கேள்வி ஏன் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

சென்ற தீபாவளிக்கு முன் சேலை வாங்க மஸ்ஜித் இந்தியாவுக்குச் சென்றிருந்தேன். இந்திய முஸ்லிம்கள் 1863-ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர்பெற்ற அவ்வட்டாரம், பண்டிகைக் காலத்தில் எப்படி இருக்கும் என்பதைத் தலைநகர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குள் நிற்க இடமில்லை. என் மாணவி ஒருத்தியின் தாயாரும் அங்கிருந்தார். அவருடைய இளைய மகன், ஐந்து வயதிருக்கும், நெகிழி முக்காலியில் அமர்ந்து அம்மாவின் கைப்பேசியில் ஓட்ட விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். நான் இரண்டு சேலைகளைப் பிரித்துப் பார்ப்பதற்குள் பத்து முறைக்கு மேல் புதிதாகத் தொடங்கிவிட்டான்.

"போதும்யா, போனைக் கொடு, போகலாம்" என்றார் தாயார்.

"இன்னும் ஒரு தடவைம்மா! இப்பதான் செத்துட்டேன்!" என்றான் பையன்.

அந்த ஒரு தடவை, ஆறேழு தடவையாயிற்று. இறுதியில் தாயார் கைப்பேசியைப் பிடுங்கினார். பையன் கடையே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். "சரியான பிடிவாதம் டீச்சர்" என்று என்னிடம் வருந்தினார்.

எனக்கு அது பிடிவாதமாகத் தோன்றவில்லை. "செத்துட்டேன்" என்ற அச்சொல்லில்தான் விளக்கமே இருக்கிறது. அவன் ஆடிய விளையாட்டில் தோற்றால்தான் ஆட்டம் முடியும். வென்று முடிக்க வழியே கிடையாது.

இவ்வகை விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 2009-இல் அமெரிக்கரான ஆடம் சால்ட்ஸ்மன் 'கனபால்ட்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். இடிந்து விழும் நகரத்தின் கூரைகள் மீது ஒருவன் ஓடுவான். தாவுவதற்கு ஒரே ஒரு பொத்தான். 2011-இல் ஒரு கணவன் மனைவி நடத்திய சிறிய நிறுவனம் 'டெம்பிள் ரன்' விளையாட்டை வெளியிட்டது. 2012-இல் டென்மார்க்கிலிருந்து 'சப்வே சர்ஃபர்ஸ்' வந்தது. இணையம் துண்டிக்கப்பட்டால் குரோம் உலாவியில் ஓடும் டைனோசரும் 2014 முதல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பள்ளிக் கணினி அறையில் அதைக் காணாத ஆசிரியர் உண்டா?

இவற்றில் பாதைக்கு முடிவே இல்லை. ஓட ஓட வேகம் கூடும். எவ்வளவு திறமையானவரும் ஓரிடத்தில் இடறியே தீர வேண்டும். கேரம் ஆட்டத்தில் தோற்ற பெரியவரே "இன்னொரு ஆட்டம் போடலாம்" என்றுதான் சொல்வார். ஐந்து வயதுக் குழந்தை தோற்ற நொடியில் கைப்பேசியை நீட்டும் என்று எதிர்பார்ப்பது முறையா? போதாக்குறைக்கு, இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் பலவற்றில், விழுந்தவுடன் "விளம்பரம் பார்த்தால் இங்கிருந்தே தொடரலாம்" என்னும் அழைப்பும் வரும். இலவச விளையாட்டுக்கு வருமானம் இப்படித்தான் வருகிறது.

இதே ஓட்டத்தை வேறு விதமாகவும் அமைக்கலாம். நிண்டெண்டோ நிறுவனம் 2016 திசம்பரில் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ ரன்' ஒரு நல்ல சான்று. அதிலும் மாரியோ தானாகவே ஓடுகிறான். குழந்தை தொட்டால் தாவுகிறான். ஆனால், அதன் முதன்மைப் பயணம் 24 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கட்டத்தின் இறுதியில் கொடிக்கம்பம் போன்ற ஓர் எல்லை உண்டு. தொடக்கப் பகுதியை இலவசமாக ஆடிப் பார்த்துவிட்டு, ஒருமுறை பணம் செலுத்தி எஞ்சியதைத் திறந்துகொள்ளும்படி அதனை வெளியிட்டார்கள். 2012-இல் வந்த 'ரேமன் ஜங்கிள் ரன்' விளையாட்டும் இப்படிக் கட்டம் கட்டமாக அமைந்ததே.

எல்லைக்கோட்டைத் தொட்ட குழந்தை "முடிச்சிட்டேன்!" என்று நிமிர்ந்து பார்க்கும். பெற்றோர் கைநீட்ட வேண்டிய நேரம் அதுதான். "இந்தக் கட்டம் முடிந்ததும் வைத்துவிட வேண்டும்" என்று முன்கூட்டியே சொன்னால் குழந்தைக்கு அது விளங்கும். "பத்து நிமிடம்" என்றால் விளங்காது. மணி பார்க்கத் தெரியாத வயது அது. அண்ணனும் தங்கையும் இருந்தால் ஆளுக்கொரு கட்டமாக மாற்றி மாற்றி ஆடலாம். நம் பாண்டியாட்டத்திலும் பல்லாங்குழியிலும் இந்த இரண்டும் இயல்பாகவே இருந்தன. காய் தீர்ந்தால் ஆட்டம் முடியும். தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஒரு தமிழாசிரியை என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டுகளை ஆடச் சொற்கள் தேவையில்லை. அதனால் குழந்தை வாய்திறவாமலே ஆடுகிறது. பேசினாலும் "ஜம்ப்" அல்லது "லொம்பாட்" என்கிறது. அருகில் அமர்ந்து நாம் பேசினால் அந்த வெற்றிடம் தமிழால் நிறையும். நின்ற இடத்தில் குதி, பள்ளத்தைத் தாண்டு, ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவு, உயரத்தில் இருப்பதை எம்பிப் பிடி, கம்பிக்குக் கீழே குனி. ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்!

முதலாம் ஆண்டு வகுப்பில் இதைக் கருவி ஏதுமின்றியே செய்கிறேன். வெண்பலகையில் மேடு, பள்ளம், பாலம், கொடிக்கம்பம் கொண்ட நீண்ட பாதை ஒன்றை வரைவேன். ஒரு மாணவர் விரலால் ஓடுவார். மற்றவர்கள் ஒவ்வொரு தடைக்கும் உரிய வினைச்சொல்லைக் கூற வேண்டும். சொல் வந்தால்தான் விரல் நகரும். வகுப்பில் வாய்பேசாத பிள்ளையும் "தாண்டு! தாண்டு!" என்று கத்துவதை நான் கேட்டிருக்கிறேன்.

கால அளவையும் மறந்துவிடலாகாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. நல்ல விளையாட்டானாலும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை ஒரு விளையாட்டைப் பதிவிறக்கும் முன் நீங்களே ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். எல்லைக்கோடு இருக்கிறதா, விளம்பரம் குறுக்கிடுகிறதா, பணம் கேட்கிறதா என்று கவனியுங்கள். எல்லை இல்லாத விளையாட்டைக் கொடுத்துவிட்டு, நிறுத்தத் தெரியாத பிள்ளை என்று குழந்தையைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. ஒன்றை முடித்தோம் என்னும் மகிழ்ச்சியை அறிந்த குழந்தை, அதைக் கீழே வைக்கவும் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும்.