முதலில் ரிவிட்டைப் பார்

போடியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்களுக்கு என்னைத் தெரியும். விமானப் பராமரிப்பில் தகடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மலையிலிருந்து வெள்ளையாக, கனமில்லாமல் எது இறங்கினாலும் "சார், பிளேன் சாமானா பாருங்க" என்று ஆள் அனுப்புவார்கள். பெரும்பாலும் இருக்காது. மருந்தடிக்கும் மிஷினின் மூடி, எஸ்டேட் கூரைத் தகடு, கரூரில் கட்டிய பஸ் பாடியின் பக்கவாட்டுத் துண்டு, இப்படித்தான் இருக்கும்.

ஆனாலும் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், மேகமூட்டத்தில் உயரம் குறைத்து வந்தபோது சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். பதிவெண் விடி-டிஎக்ஸ்ஜி. வங்கதேசப் போர் நடந்த வாரம் அது. அதனாலோ என்னவோ, அதைச் 'சண்டை விமானம்' என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

கொண்டுவந்தவர் சொல்லும் கதையை நான் முதலில் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் கண் அந்தக் கதைக்கு ஏற்பவே பார்க்கும். தகட்டைத் திருப்பி ரிவிட்டைப் பார்ப்பேன். பஸ் பாடியில் நடுவில் துளை விழுந்த பாப் ரிவிட் இருக்கும். இடைவெளி கைக்கு வந்தபடி ஓடும். விமானத்தின் மேல்தோலில் ரிவிட் திண்மையானது. காற்று படும் பக்கம் தலை பெரும்பாலும் தகட்டோடு மட்டமாக அமர்ந்திருக்கும், உள்பக்கம் அடித்துப் பரப்பிய வால் தெரியும். வரிசை கோடு போட்டதுபோல் நேராகப் போகும். விளிம்புக்கு மிக அருகே ஒரு ரிவிட்டைக்கூட எங்களை அடிக்க விடமாட்டார்கள். உள்ளே மஞ்சள்பச்சைப் பூச்சு ஒட்டியிருந்தால் நம்பிக்கை கூடும். அது துத்தநாகக் குரோமேட், துருத் தடுப்புக்கு அடிப்பது.

அடுத்தது எந்த நாட்டு முறை என்பது. ரிவிட் தலையின் நடுவில் சிறு குழி இருந்தால், போல்ட் தலையில் சிலுவைக் குறி இருந்தால், அமெரிக்க முறை. டகோட்டா விமானத்தின் பக்கம் யோசிக்கலாம். ஆவ்ரோ 748 பிரிட்டனில் வரைந்து கான்பூரில் எச்.ஏ.எல். கட்டியது. அதன் தகடும் ஆணியும் பிரிட்டிஷ் தர எண்களில் வந்தவை. இங்கே ஒரு எச்சரிக்கை. பழுதுபார்த்த இடத்தில் எந்த நாட்டு ரிவிட்டும் இருக்கலாம். ஒற்றை ரிவிட்டை வைத்துத் தீர்ப்பு எழுதுபவரிடம் எனக்கு மரியாதை இல்லை.

எஞ்சின் துண்டானால் வேலை எளிது. ஆவ்ரோவில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் டார்ட். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காற்றமுக்கு சக்கரங்கள், சுற்றிலும் ஏழு எரியறைகள், முன்னால் நாலு இறக்கை புரொப்பெல்லர். லாரி டர்போவின் சக்கரமும் இதே வளைவில் இருக்கும், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

பிறகு காயங்களைப் படிக்கலாம். கிழிந்த விளிம்பின் மேலும் கரி படிந்திருந்தால், கிழிந்த பிறகுதான் தீ. கரி படிந்த தகட்டில் கிழிசல் மட்டும் சுத்தமாக இருந்தால், தீ முந்தியது. எச்சரிக்கை விளக்கின் பல்பு உடையாமல் கிடைத்தால் அது பொக்கிஷம்: மோதும்போது எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இழுபட்டு நீளும், அணைந்திருந்த இழை முறியும். ஐம்பது மழைக்காலம் பார்த்த உலோகத்தில் இதெல்லாம் பாதி அழிந்துதான் இருக்கும். தூய அலுமினியத்தின் மெல்லிய மேல்படலம் போன இடத்தில், உள்ளிருக்கும் செம்பு கலந்த அலுமினியம் அடுக்கடுக்காக உப்பிவிடும்.

இந்த வேலையில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரில், திரும்பிவந்த விமானங்களின் குண்டுத் துளைகளை மட்டும் எண்ணினால் ஏமாறுவோம், திரும்பாதவையும் கணக்கில் வரவேண்டும் என்று காட்டிய கணிதவியலாளர். 1950 டிசம்பரில் இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த அவரும் அவர் மனைவியும் ஏர் இந்தியா டகோட்டா ஒன்று நீலகிரியில் விழுந்ததில் இறந்தார்கள். அவர் கணக்கு காயலாங்கடைக்கும் பொருந்தும். மலையிலிருந்து இறங்குவது ஒருவர் தலையில் சுமக்க முடிந்தது, வீட்டுக்கு உதவுவது. அதனால்தான் நம் கைக்குத் தகடாகவே வருகிறது. சக்கரக் காலோ இறக்கையின் முதுகெலும்போ கடைக்கு வராததை வைத்து அவை எரிந்துபோயின என்று சொல்ல முடியாது.

பார்த்து முடித்ததும் கடைக்காரருக்குக் கொடுக்கும் சீட்டில் நான் எழுதுவது படிப்படியாகத்தான். 'விமானத் தகடு' என்று எழுத ரிவிட்டும் பூச்சும் போதும். 'ஆவ்ரோ' என்று எழுத, பாக எண் பொறித்த தகடோ வரைபடத்தோடு பொருந்தும் அளவோ வேண்டும். 'விடி-டிஎக்ஸ்ஜி' என்று எழுத, அது கிடந்த இடமும் தெரிய வேண்டும். கடைத் தராசுக்கு வந்த சாமானில் அந்தக் கடைசி விவரம் தொலைந்திருக்கும். அதோடு, சின்னமனூர்ப் பக்கத்து மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றமும்கூட. எஸ்டேட் பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: தொடாதே, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் படம் எடு, போனில் இடத்தைக் குறித்துக்கொள், வனத்துறையிடம் சொல். படத்தில் ரிவிட் வரிசை தெளிவாக விழுந்திருந்தால் மீதியை நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வேன்.