கோட்டைக்குள் கூலிப் படை

புனேயின் சனிவார் வாடாவுக்கு வருபவர்கள் டில்லி தர்வாஜாவின் கதவுகளை நின்று பார்க்காமல் உள்ளே போவதில்லை. யானைகள் மோதி உடைத்துவிடாதபடி அவற்றில் வரிசையாக இரும்பு முனைகள் பதித்திருக்கிறார்கள். 1732இல் முதலாம் பாஜிராவ் குடிபுகுந்த பேஷ்வா மாளிகை இது. ஆனால் 1773 ஆகஸ்ட் 30 அன்று இங்கே கொலைகாரர்கள் வெளியிலிருந்து வரவில்லை. பேஷ்வாவிடம் சம்பளம் வாங்கிய கார்திகளே வாளை உருவினார்கள்.

காவல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் கார்தி என்பார்கள். இந்தக் கதையின் ஒரு நுனி புதுச்சேரியில் இருக்கிறது. அங்கிருந்து 1751இல் ஹைதராபாத் சென்ற தளபதி புஸ்ஸி, உள்நாட்டுச் சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். அவரிடம் உருவான இப்ராஹிம் கான் கார்தி, 1761இல் பானிபட்டில் மராத்தியர்களுக்காகப் போரிட்டு, பிடிபட்டு உயிர்விட்டார். கூலிக்கு வந்தவர்களிலும் விசுவாசிகள் இருந்தார்கள்.

புனேயில் நடந்தது வேறு. பேஷ்வா நாராயணராவுக்கு வயது 18. அவரது சித்தப்பா ரகுநாதராவ் அதே மாளிகையில் காவலில் இருந்தார். சுமேர்சிங் தலைமையில் கார்திகள் சம்பளப் பாக்கி கேட்டுக் கூச்சலிட்டபடி உள்ளே நுழைந்தார்கள். சித்தப்பாவிடம் ஓடி அடைக்கலம் கேட்ட இளைஞர் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைக் காக்கத் தன் உடலால் மறைத்த பணியாள் சாப்பாஜி டிளேகரும் மாண்டார். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

பௌர்ணமி இரவுகளில் "காகா, மலா வாச்சவா" (சித்தப்பா, காப்பாற்றுங்கள்) என்ற குரல் கேட்பதாகப் புனேயில் சொல்வதுண்டு. அந்தப் பேய்க் கதையைவிடப் பின்னால் நடந்தவைதான் அச்சமூட்டுகின்றன. நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே, பேஷ்வாவாகிவிட்ட ரகுநாதராவையே குற்றவாளி என்று சொல்லிவிட்டுப் பதவியைத் துறந்தார். நானா பட்னவிஸ் முதலானோர் எதிரணியில் திரண்டார்கள். பதவியை இழந்த ரகுநாதராவ், அதை மீட்க இன்னும் பெரிய கூலிப் படையைத் தேடினார். 1775 மார்ச்சில் சூரத்தில் பம்பாய் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்கள் தருவது 2,500 வீரர்கள்; அவர் தருவது மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய், அதற்கு மேல் சால்செட், வசாய் பகுதிகள். முதல் ஆங்கிலேய-மராத்தியப் போர் அப்படித்தான் மூண்டது.

அவருடைய மகன் இரண்டாம் பாஜிராவும் அதே வழியில் போனார். 1802 டிசம்பர் 31 அன்று வசாயில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 6,000 பேர் கொண்ட கம்பெனிப் படையைத் தன் செலவில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். சம்பளப் பாக்கிக்காகக் கூச்சலிடும் படை அல்ல அது. செலவுக்கென்று நிலத்தின் வருவாயையே எழுதி வாங்கிக்கொண்டது.

1817 நவம்பர் 17 அன்று சனிவார் வாடாவின் மேல் ஆங்கிலேயர் கொடி ஏறியது. டில்லி தர்வாஜாவை உடைக்க யானை எதுவும் தேவைப்படவில்லை.