குளம்புக்கு சீசன் தெரியாது

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு ஆரும் நகம் வெட்டிவிடுவதில்லை. குளம்பும் எங்கட நகம் மாதிரித்தான். கெரட்டின் என்ற அதே பொருள். மாதத்துக்கு 1 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வளர்க்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. புல்லையும் தண்ணியையும் தேடி முருகைக்கல் தரையில் நாள் முழுக்க நடக்கின்றன. வளர்வதைத் தரையே தேய்த்துவிடுகிறது. வறட்சி வந்தால் தண்ணிக்குத் தவிக்கிற கஷ்டம் அவற்றுக்கு இருக்கு. குளம்புக்கு மட்டும் செலவில்லை.

நுவரெலியாவில் கதை வேற. சித்திரை சீசனுக்கு எங்கட பட்ச் போனபோது, கிறகரி வாவிப் பக்கம் சவாரிக்காக மட்டக் குதிரையொன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணையிடம் கேட்டோம்: "தீனிக்கு அடுத்தபடியா என்ன செலவு அண்ணை?" அவர் யோசிக்கவே இல்லை, குதிரையின் காலைக் காட்டினார்.

"லாடந்தாங்க தம்பி. சீசன் முடிஞ்சா சவாரி இருக்காது. குளம்பு மட்டும் வளந்துகிட்டே இருக்கும்."

முழுக் கணக்கும் அந்த வசனத்துக்குள் இருக்கு. பொதுவாக 6 தொடக்கம் 8 கிழமைக்கு ஒருக்கால் குளம்பைச் சீவி மட்டப்படுத்த வேணும். தார் றோட்டில் நடக்கிற குதிரைக்குக் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்துவிடக் கூடும், அதுக்காகத்தான் லாடம். ஆனால் லாடம் அடித்தாலும் தவணை மாறாது. இரும்பு தேயாவிட்டாலும் அதுக்கு மேலே குளம்பு வளர்கிறது. கழற்றி, சீவி, திரும்ப அடிக்க வேணும். ஆக, வருசத்துக்கு 6 தொடக்கம் 9 தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு கால். ரெண்டு குதிரை வைத்திருந்தால் எல்லாம் ரெண்டு மடங்கு.

கண்டவர் நிண்டவர் செய்கிற வேலையும் இல்லை இது. குளம்பின் வெளிச்சுவருக்கு வலி தெரியாது. ஆணி கொஞ்சம் உள்ளே போனால் சதை. கைப்பழக்கம் உள்ள ஆளைத்தான் கூப்பிட வேணும். வண்டில் மாட்டுக்கு ஊருக்கு ஊர் லாடம் அடித்த காலம் வண்டிலோடயே போயிட்டுது. இப்ப அந்த ஆளைத் தேடிப்பிடிப்பதும் ஒரு செலவு.

இந்தச் செலவில் ஒரு பொல்லாத குணம் இருக்கு. தள்ளிப்போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தீனி வைக்காவிட்டால் குதிரை அன்று இரவே காட்டிவிடும். குளம்போ சத்தமில்லாமல் பொறுக்கும். பிறகு முன்விளிம்பு நீண்டு, காலின் பின்பக்க நாரை இழுக்கும். வெடிப்பு விழும். சீசன் முடிய மழை வரும். ஈரக் கொட்டிலில் நின்றே கிடந்தால் பாதத்தின் அடியில் அழுகல் பிடிக்கும். உழைப்பு இல்லாத மாதங்களில்தான் கால் கூடுதல் கவனம் கேட்கிறது. கடைசியில் குதிரை நொண்டினால் சவாரியும் இல்லை, வைத்தியச் செலவு வேற.

இந்த இடத்தில் குதிரைக்காரரை இரக்கமில்லாதவர் என்று ஏசிவிட்டுப் போவது லேசு. ஆனால் அந்தச் செலவுக்கான காசு எங்கிருந்து வரவேணும்? ஏறுகிற ஆக்களிடமிருந்துதான். சவாரிக்குக் கொடுக்கிற காசு அந்தப் பத்து நிமிசத்துக்கும் போட்டோவுக்கும் உரிய கூலி மட்டும் இல்லை. ஆடி மாதத்துக் குளம்புக்கும் அதுதான். பேரம் பேசிக் குறைக்கிறபோது குறைகிறது அண்ணையின் லாபம் மட்டுமில்லை. கை இறுகினால் எந்த வீட்டிலும் முதலில் வெட்டுப்படுவது வாய் திறந்து கேட்காத செலவுதானே.

அதுக்காகக் காசைக் கொடுத்துவிட்டால் எங்கட பொறுப்பு முடிந்ததென்றும் இல்லை. சேணத்தில் கால் வைக்க முதல் குனிந்து குதிரையின் காலைப் பாருங்கோ. குளம்பின் முன்பக்கம் செருப்பு நுனி போல மேலே வளைந்திருக்கா? வெடிப்பு இருக்கா? லாடம் ஆடுதா? பாதத்திலிருந்து கெட்ட மணம் வருதா? நாலு அடி நடக்கவிட்டும் பாருங்கோ. முன்கால் நொந்த குதிரை, அந்தக் காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும்.

இதில் ஒன்று இருந்தாலும் ஏறவேண்டாம். ஏன் ஏறவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லிப்போட்டு வாருங்கோ. கால் நல்லாயிருந்தால், கேட்ட காசைக் குறைக்காமல் கொடுங்கோ.