அப்பத்தாவும் அரிக்கொம்பனும்

மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. சின்னக்கானல் பக்கத்து ரேஷன் கடையை அந்த யானை இடிக்கும்போதெல்லாம், "அரிசிக்கு அலைகிற சென்மம் நாம மட்டும் இல்லடா" என்பாள் அங்கே கொழுந்து கிள்ளிய என் அப்பத்தா.

1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதைச் சொல்லித் தாத்தா பொருமுவார். அவளோ கப்பைக் கிழங்கை முன்னே வைத்து, "தின்னுட்டுப் பேசுங்க" என்பாள். அரசியல் அத்தோடு சரி!

வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கம்பத்துக்கு இறங்கினாள். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். மே மாதம் அதுவும் கம்பத்துக்கே வந்து நின்றது! ஊரே கதவடைத்தது. ஆள் கொன்ற யானையாயிற்றே; நானும் நடுங்கினேன். அவள் மட்டும் சன்னலை விட்டு நகரவில்லை.

"வழி தெரியாம வரலடா. வீட்டைத் தேடுது" என்றாள்.

ஜூனில் அதை முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். அன்று அப்பத்தா உலை வைக்கவில்லை.